0.79 புள்ளியும் ஒரே பயிற்றுநரும்: மொன்றியல் பனி நடனப் பள்ளியை எப்படி மதிப்பிடுவது?

2018 பிப்ரவரி 20. தென்கொரியாவின் காங்நியுங் பனியரங்கில் ஒலிம்பிக் பனி நடனப் போட்டி முடிந்தபோது கனடாவின் டெஸ்ஸா வெர்ச்யூ, ஸ்காட் மொயர் இணை 206.07 புள்ளி பெற்றிருந்தது. பிரான்சின் கப்ரியேலா பப்படாக்கிஸ், கியோம் சிசெரோன் இணைக்கு 205.28. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடுவே 0.79 புள்ளிதான். தங்கம் வாங்கியவர்களுக்கும் வெள்ளியோடு திரும்பியவர்களுக்கும் பயிற்சி கொடுத்தவர்கள் அதே ஆட்கள்: மரி-பிரான்ஸ் டுப்ரெய், அவர் கணவர் பத்ரிஸ் லோசோன், இவர்களோடு சேர்ந்து பணியாற்றும் ரொமேன் ஆக்னவெர். மூவரும் மொன்றியல் நகரில் ஒரே பள்ளியை நடத்துகிறவர்கள்.

மலேசியாவின் லகாட்டில் இருந்து பார்த்தால் இது வெகு தூரத்து விவகாரம். ஈயக் குட்டைகளும், ரப்பர் மரம் நின்ற இடத்தில் எழும்பிய குடியிருப்புகளும் சூழ்ந்த ஊர் இது. பனியில் சறுக்க ஆசைப்படும் பிள்ளை இங்கிருந்து இருநூறு கிலோமீட்டர் பயணம் செய்து கோலாலம்பூர்ப் பேரங்காடிகளுக்குத்தான் போக வேண்டும். ஆனாலும் இதன் மையத்தில் இருக்கும் சிக்கல் நமக்கு நன்றாகத் தெரிந்ததுதான். ஈப்போ வட்டாரத்தில் பரதமோ சிலம்பமோ சொல்லித்தரும் ஆசிரியர்கள் கொஞ்சம் பேர், கற்க வரும் பிள்ளைகள் நிறைய. ஒரே ஆசிரியரிடம் கற்ற இரண்டு பேர் ஒரே மேடையில் மோதுவது அடிக்கடி நடக்கிறது. முடிவு அறிவித்ததும் தோற்ற பிள்ளையின் வீட்டில் எழும் முதல் கேள்வி, “டீச்சர் யாருக்குக் கூடுதலாகச் சொல்லிக்கொடுத்தார்?” என்பதுதான். அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் தேட, அது உலக அளவில் மிகக் கூர்மையாக எழுந்த இடத்தை ஆராய்வது நல்லது.

பனி நடனம் பற்றி முதலில் இரண்டு சொல். பனியில் ஆணும் பெண்ணும் ஆடும் இன்னொரு போட்டியான இணைச் சறுக்கில் பெண்ணைத் தலைக்கு மேல் தூக்குவார்கள், காற்றில் வீசுவார்கள். பனி நடனத்தில் அதற்கு அனுமதி இல்லை. தூக்கலாம், ஆனால் தலைக்கு மேல் கொண்டுபோகக் கூடாது. இரண்டு கை நீளத்துக்கு மேல் விலகியும் ஆடக் கூடாது. ஆகவே வெற்றி தோல்வி கால் வேலையில் இருக்கிறது: கத்தி விளிம்பு எவ்வளவு சாய்கிறது, முழங்கால் எவ்வளவு மென்மையாக மடங்குகிறது, ஒற்றைக் காலில் சுழன்றபடி நகரும்போது இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்பதெல்லாம்தான் கணக்கு. 1976ல் இன்ஸ்புரூக்கில் ஒலிம்பிக்குக்கு வந்த இந்தப் போட்டியில், விழாமல் ஆடுவோர் பலர். அதனால் நடுவரின் ரசனைக்கு இங்கே எடை அதிகம். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

டுப்ரெய், லோசோன் இருவரும் மொன்றியல்காரர்கள். 1995ல் இணைந்து ஆடத் தொடங்கி, 2000லும் பிறகு 2004 முதல் 2007 வரை தொடர்ந்தும் கனடாவின் தேசியப் பட்டத்தை வென்றார்கள். உலகப் போட்டியில் 2006, 2007 ஆகிய இரு ஆண்டுகளிலும் வெள்ளி. இரு முறையும் தங்கம் பல்கேரியாவின் டென்கோவா, ஸ்டாவிஸ்கி இணைக்குப் போனது. ஒலிம்பிக் அவர்களுக்குக் கைகொடுக்கவில்லை. 2002ல் சால்ட் லேக் நகரில் பன்னிரண்டாம் இடம். 2006ல் துரினில் பதக்க நம்பிக்கையோடு போனவர்கள். இரண்டாம் சுற்று நடனத்தின்போது, சுழன்றபடியே தூக்கிய நிலையிலிருந்து டுப்ரெய் பனியில் பலமாக விழுந்தார். இடுப்பில் அடி. கடைசிச் சுற்றில் ஆடாமலேயே விலகினார்கள். ஒரு மாதம் கழித்து கால்கரி உலகப் போட்டியில் வெள்ளி வாங்கியவர்கள் இவர்களே என்பதை வைத்துப் பார்த்தால், துரினில் எவ்வளவு இழந்தார்கள் என்பது புரியும்.

ஆட்டக்காரர்களாக அவர்களுக்கு நான் கொடுக்கும் இடம் இதுதான்: தம் தலைமுறையின் மிகச் சிறந்த சிலரில் இருவர், ஆனால் கலையின் போக்கைத் திருப்பியவர்கள் என்று சொல்ல முடியாது. 1984ல் சரயேவோவில் பொலேரோ இசைக்கு ஆடிய டார்வில், டீன் இணை பனி நடனம் என்றால் என்ன என்ற எண்ணத்தையே மாற்றியது. அப்படி ஒரு நடனம் டுப்ரெய், லோசோன் பெயரில் இல்லை. இருக்கும் நடனங்கள் அழகானவை, இருவரின் நெருக்கமும் மென்மையும் மனதில் நிற்பவை. 2007க்குப் பிறகு அவர்கள் போட்டிக்கு வரவில்லை.

பயிற்றுநர் வாழ்க்கைதான் எடைபோடக் கடினமானது. காரணம், பதக்கப் பட்டியலை எடுத்து நீட்டினால் வேலை முடிந்ததுபோல் தோன்றிவிடும். 2018 ஒலிம்பிக்கில் தங்கமும் வெள்ளியும். 2022 பெய்ஜிங்கில் பப்படாக்கிஸ், சிசெரோன் இணைக்கு 226.98 என்ற அன்றைய உலகச் சாதனைப் புள்ளியோடு தங்கம், அமெரிக்காவின் மேடிசன் ஹப்பெல், ஸக்கரி டொனஹியூ இணைக்கு வெண்கலம். அந்தப் போட்டியில் ஆடிய இணைகளில் கிட்டத்தட்டப் பாதி மொன்றியல் மாணவர்கள். அடுத்த மாதம் மொன்பெலியே உலகப் போட்டியின் மேடையில் மூன்று படியிலும் அவர்களே நின்றார்கள், ரஷ்யர்கள் தடைசெய்யப்பட்டிருந்த போட்டி அது என்பதையும் சொல்லியாக வேண்டும். வேறெந்தப் பள்ளிக்கும் அந்த ஆண்டுகளில் இப்படி ஒரு கணக்கு இல்லை.

ஆனால் இந்தப் பட்டியல் எதை நிரூபிக்கிறது? திறமைசாலிகள் புகழ்பெற்ற பள்ளியைத் தேடிப் போகிறார்கள், அவர்கள் வென்றதும் பள்ளியின் புகழ் இன்னும் கூடுகிறது, அதைப் பார்த்து மேலும் திறமைசாலிகள் வருகிறார்கள். இந்தச் சுழற்சியில் ஆசிரியரின் பங்கு எவ்வளவு, மாணவரின் பங்கு எவ்வளவு என்று பிரிக்காமல் பாராட்டுவது விமர்சனம் ஆகாது. வெர்ச்யூ, மொயர் இணையை எடுத்துக்கொள்வோம். மொன்றியலுக்கு 2016ல் வருவதற்கு முன்பே அவர்கள் 2010 வான்கூவரில் தங்கம் வென்றவர்கள், 2014 சோச்சியில் வெள்ளி வாங்கியவர்கள். இரண்டு ஆண்டு ஓய்வுக்குப் பிறகு அவர்களை மீண்டும் உச்சிக்குக் கொண்டுவந்தது பெரிய வேலைதான். என்றாலும் அவர்களை உருவாக்கியவர்கள் என்ற பெயர் மொன்றியலுக்குச் சேராது.

பப்படாக்கிஸ், சிசெரோன் கதை இதைவிட வலுவான சான்று, அதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. 2014 உலகப் போட்டியில் அவர்கள் பதின்மூன்றாம் இடம். அந்தக் கோடையில் பிரான்சின் லியோனை விட்டு மொன்றியலுக்கு இடம்பெயர்ந்தார்கள். 2015ல் ஷாங்காயில் உலகத் தங்கம். பனி நடனத்தில் ஒரே ஆண்டில் பதின்மூன்றிலிருந்து முதல் இடத்துக்குத் தாவுவது மிக அரிது. நடுவர்கள் பழகிய வரிசையை அவ்வளவு எளிதில் கலைப்பதில்லை. ஆனால் லியோனிலேயே அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் ஆக்னவெர், அவரும் கூடவே மொன்றியல் வந்தார். எனவே இந்தத் தாவலில் கணிசமான பங்கு அவருக்கு. புதிதாகச் சேர்ந்தவை டுப்ரெயின் நடன அமைப்பு, லோசோனின் பயிற்சி, அன்றாடம் கூடவே பழகும் மற்ற இணைகள். இந்த மூன்றும் சேராமல் அது நடந்திருக்காது என்றே நினைக்கிறேன். முழுப் பெருமையையும் ஒரு தம்பதிக்கு எழுதுவது மட்டும் சரியாகாது.

மிக வலுவான சான்று அமெரிக்கர்களிடம் இருக்கிறது. ஹப்பெலும் டொனஹியூவும் 2011ல் இணைந்தவர்கள். தம் நாட்டிலேயே மூன்றாம், நான்காம் இடங்களில் தேங்கி நின்றவர்கள். 2015ல் மொன்றியலுக்கு மாறி, 2018 ஜனவரியில் முதல் தேசியப் பட்டத்தை வென்று, அதே ஆண்டு உலக வெள்ளிக்கு உயர்ந்தார்கள். மேடிசன் சொக், ஈவான் பேட்ஸ் கதையோ சரிவிலிருந்து தொடங்குகிறது. 2015ல் உலக வெள்ளி, 2016ல் வெண்கலம், 2017ல் ஏழாம் இடம், 2018 ஒலிம்பிக்கில் இருவரும் விழுந்து ஒன்பதாம் இடம். இந்த விளையாட்டில் அதற்குப் பிறகு மேலே வருவது நடக்காத காரியம் என்றே பலர் சொல்லியிருப்பார்கள். அதே ஆண்டு மொன்றியலுக்குப் போனார்கள். 2023, 2024, 2025 என்று மூன்று ஆண்டு தொடர்ந்து உலகத் தங்கம். முதல் தங்கத்தின்போது சொக்குக்கு வயது 30, பேட்ஸுக்கு 34. இருபதுகளின் பிற்பகுதியைத் தாண்டியவரின் முழங்காலையும் முதுகையும் மாற்றிப் பழக்குவது சிறுபிள்ளைக்குச் சொல்லித்தருவதைவிடக் கடினம். இங்கே திறமையைத் தேர்ந்தெடுத்தது மட்டும் நடக்கவில்லை, கற்பித்தலும் நடந்திருக்கிறது.

எப்படிக் கற்பிக்கிறார்கள்? பள்ளியில் பனிப் பயிற்சியோடு பால்ரூம் நடனத்துக்கு, ஹிப்ஹாப்புக்கு, நாடக நடிப்புக்கு என்று தனித்தனி ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஓர் இணைக்கு ஒரே குரு என்ற பழைய ரஷ்ய முறையிலிருந்து இது பெரிய விலகல். ஒருவரின் மனநிலைக்கு மாணவர் கட்டுப்பட்டிருக்கும் நிலை இதில் குறைகிறது. தம் வாழ்க்கையில் இரண்டாம் இடத்தில் நின்றவர்கள் இப்படி வேலையைப் பங்கிட முன்வந்தது, அவர்கள் செய்தவற்றில் நான் மிகவும் மதிக்கும் செயல்.

இனிக் குற்றச்சாட்டுகள். முதலாவது, மொன்றியல் மாணவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி ஆடுகிறார்கள் என்பது: மெல்லிய பியானோ, நீண்ட மூச்சு, ஒட்டி நின்று ஆடும் சோகம். பாணி என்பது என்னவென்று தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ருக்மிணி தேவியும் கற்றார், ராம் கோபாலும் கற்றார், மிருணாளினி சாராபாயும் கற்றார். மூவரும் மூன்று வழியில் போனார்கள். ஆசிரியரின் பாணி மாணவரிடம் தெரிவது குறை ஆகாது, மாணவரின் முகம் அதில் மறைந்துபோனால்தான் குறை. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் குற்றச்சாட்டு பாதிதான் நிற்கிறது. 2018ல் ஒரே பள்ளியிலிருந்து வந்த பிரெஞ்சு இணை பீத்தோவனின் நிலவொளி சொனாட்டாவுக்கும், கனடா இணை மூலான் ரூஜ் திரைப்பட இசைக்கும் ஆடின. ஒன்று உள்ளே அடங்கியது, மற்றது மேடை நாடகம்போல் வெடித்தது. சொக், பேட்ஸ் 2022ல் வேற்றுக்கிரகத்துப் பெண்ணும் விண்வெளி வீரரும் சந்திக்கும் கதையை டாஃப்ட் பங்க் இசைக்கு ஆடினார்கள். இவற்றை ஒரே மாதிரி என்று சொல்பவர் சரியாகப் பார்க்கவில்லை. ஆனால் பள்ளியின் நடுத்தர வரிசை இணைகளைப் பார்க்கும்போது அந்தக் குறை உண்மையாகிறது. கையை எடுத்துச் செல்லும் விதமும் தலையைச் சாய்க்கும் விதமும் அப்படியே அச்சு மாறாமல் வருகின்றன. பெரிய கலைஞர்கள் பாணிக்குள் தம்மைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். சிறியவர்களுக்கு அந்தத் தனி முகத்தைத் தேடித்தர நேரம் போதவில்லை என்பது என் கணிப்பு.

ஒப்பிடுவதற்கு டொரோன்டோவில் கரோல் லேனிடம் பயின்ற பைப்பர் கில்லெஸ், பால் போரியர் இருக்கிறார்கள். அவர்களின் ஒவ்வொரு நடனமும் இது இவர்களுடையது என்று முதல் நொடியிலேயே சொல்லிவிடும். 2024 உலகப் போட்டி மொன்றியலிலேயே நடந்தபோது அவர்கள் வெள்ளி வாங்கினார்கள், 2025ல் பாஸ்டனிலும் வெள்ளி. அந்த ஆண்டுகளின் உலகப் போட்டிகளில் கனடா இணைகளில் முன்னால் நின்ற இணை மொன்றியல் பள்ளியில் இல்லை என்பதை ரசிகர்கள் மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது குற்றச்சாட்டுதான் கனமானது. பதக்கத்துக்கு நேருக்கு நேர் மோதும் இருவருக்கு ஒரே பயிற்றுநர் இருப்பது நியாயமா? 2018 கணக்கை மீண்டும் எடுப்போம். முதல் நாள் குறுநடனத்தில் கனடாவுக்கு 83.67, பிரான்சுக்கு 81.93. ஆட்டம் தொடங்கிய சில நொடிகளில் பப்படாக்கிஸின் கழுத்துக் கொக்கி அவிழ்ந்துவிட்டது. உடை நழுவாமல் பார்த்துக்கொண்டே அவர் கடைசிவரை ஆட வேண்டியிருந்தது. மறுநாள் பிரான்சுக்கு 123.35, கனடாவுக்கு 122.40. மறுநாள் ஆட்டத்தில் மட்டும் பார்த்தால் பிரெஞ்சு இணையே முதலிடம். கொக்கி அவிழ்ந்தது விபத்து, அதற்குப் பயிற்றுநர்களைக் குறைசொல்வது அநியாயம். பயிற்றுநர்கள் ஒருவருக்குச் சாதகமாக நடந்தார்கள் என்பதற்கும் எந்தச் சான்றும் இல்லை. நான் கேட்பது வேறு. வேறு வேறு பயிற்றுநர்கள் இருந்திருந்தால், தோற்ற இணையின் பயிற்றுநர் எழுந்து, “என் பிள்ளைகளுக்கு இந்த இடத்தில் குறைத்துப் போட்டிருக்கிறீர்கள்” என்று வெளிப்படையாக வாதாடியிருப்பார். பனி நடனத்தில் அந்த வாதம் நடுவர் அறைக்குள் போகாவிட்டாலும் ஊடகத்திலும் சங்கங்களிலும் எடை உள்ளது. மொன்றியல் பயிற்றுநர்களால் அதைச் செய்ய முடியாது. ஒருவருக்காகப் பேசினால் இன்னொருவருக்கு எதிராகப் பேசியதாகிவிடும். ஆகவே அவர்களின் மாணவர்களில் தோற்றவர்களுக்கு வழக்கறிஞர் இல்லாமல் போகிறது.

பக்கத்தில் உட்கார்ந்து பழகும் எதிராளிகள் ஒருவரையொருவர் உயர்த்துகிறார்கள் என்று பதில் சொல்வார்கள். உண்மைதான். தினமும் காலையில் உலகின் சிறந்த இணை அதே பனியில் வளைவதைப் பார்ப்பவருக்கு எட்ட வேண்டிய உயரம் கண்முன்னே இருக்கிறது. ஹப்பெல், டொனஹியூ உயர்ந்ததற்கு அந்தச் சூழலும் ஒரு காரணம் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் இந்தப் பயன் ஒரே தளத்தில் பழகுவதால் வருவது. அதைப் பெற இருவரின் நடனத்தையும் ஒருவரே அமைக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை.

நடுவரின் ரசனை என்று தொடக்கத்தில் சொன்னது இங்கேதான் வருகிறது. 2002 சால்ட் லேக் இணைச் சறுக்கு ஊழலுக்குப் பிறகு, ஆறு புள்ளி முறையை நீக்கி 2004ல் புதிய மதிப்பெண் முறை கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு அசைவுக்கும் தனிப் புள்ளி. ஆனாலும் அமைப்பு, வெளிப்பாடு, சறுக்குத் திறன் என்ற பகுதிகள் இன்றும் நடுவரின் பார்வையைப் பொறுத்தவை. களத்தில் பாதிப் பேர் ஒரே பள்ளியின் அழகியலோடு வந்தால், அந்த அழகியலே அளவுகோலாக மாறிவிடும். வேறு விதமாக ஆடுபவர் அளவுகோலிலிருந்து விலகியவராகத் தெரிவார். யாரும் தவறு செய்யாமலே இது நடக்கும். மொன்றியல் பற்றி எனக்கு இருக்கும் மிகப் பெரிய கவலை இதுதான்.

இதே கேள்வி முன்பும் எழுந்தது. மிச்சிகன் மாநிலத்தின் கேன்டனில் மரீனா சூயெவாவும் இகோர் ஷ்பில்பேண்டும் நடத்திய பள்ளி 2010 ஒலிம்பிக்கில் தங்கமும் வெள்ளியும் எடுத்தது, 2011 உலகப் போட்டியில் மூன்று பதக்கமும் எடுத்தது. வான்கூவரில் வெள்ளி வாங்கிய டேவிஸ், வைட் இணை தேவதாஸ், பண்டி அவுர் பப்ளி படப் பாடல்களுக்கு ஆடிய நடனத்தை நம் ஊரில் சிலராவது பார்த்திருப்பார்கள். 2012ல் ஷ்பில்பேண்ட் நீக்கப்பட, மாணவர்கள் யாருடன் போவது என்று முடிவெடுக்க வேண்டியதாயிற்று. முதல் மூன்று இணைகளும் சூயெவாவுடன் தங்கின, சொக், பேட்ஸ் ஷ்பில்பேண்டுடன் போனார்கள். 2014 சோச்சியில் சூயெவா தனியாகவே தங்கமும் வெள்ளியும் பெற்றுத்தந்தார். பதக்கத்தில் கேன்டன் மொன்றியலுக்குக் குறைந்ததல்ல. ஆனால் அது தலைமைக்குள்ளேயே பிளந்தது, அதன் விலையை மாணவர்கள் கொடுத்தார்கள்.

மலேசியாவின் பனிச்சறுக்கு அனுபவமும் இங்கே பொருந்தும். சன்வே பிரமிட் பேரங்காடியின் பனித்தளத்தில் பழகிய ஜூலியன் யீ, 2017ல் கோலாலம்பூர் சீ விளையாட்டில் தங்கம் வென்றார். 2018ல் பியோங்சாங்கில் குளிர்கால ஒலிம்பிக்குக்குப் போன முதல் மலேசியர்களில் ஒருவரானார். தனிநபர் பிரிவில் 24 பேர் இறுதிச் சுற்றுக்குப் போகலாம், அவருக்குக் கிடைத்தது 25ஆம் இடம். அந்த இடத்துக்கு வரவே அவர் கனடாவின் பேரி நகருக்குக் குடிபெயர்ந்து பயிற்சி எடுக்க வேண்டியிருந்தது. சிறந்த பயிற்சி உலகில் இரண்டு மூன்று ஊர்களில் மட்டும் குவியும்போது, கட்ட முடிகிற குடும்பங்களின் பிள்ளைகளுக்கே வாசல் திறக்கும். டுப்ரெயும் லோசோனும் இதை உருவாக்கவில்லை, ஆனால் அவர்களின் வெற்றி இதை ஆழப்படுத்தியது. ஒன்ராறியோவின் லண்டன் நகரில் கிளை தொடங்கி மொயரிடமும், பின்னர் ஹப்பெலிடமும் மாணவர்களை ஒப்படைத்தது இதற்கு ஓரளவு மாற்று. தம் மாணவரைப் பயிற்றுநராக்கி வேறு ஊரில் நிறுத்துவதைக் கேன்டன் இந்த அளவுக்குச் செய்யவில்லை.

ஆக என் தீர்ப்பு இது. போட்டியாளர்களாக டுப்ரெய், லோசோன் தம் காலத்தின் இரண்டாம் இடத்துக்கு உரியவர்கள், துரின் விபத்து நடக்காமல் இருந்திருந்தாலும் அந்த இடம் மாறியிருக்கும் என்று நான் நம்பவில்லை. பயிற்றுநர்களாக, தயாராக வந்த வீரர்களை வெல்லவைத்ததற்காக அல்லாமல், தேங்கியவர்களையும் சரிந்தவர்களையும் எழுப்பியதற்காக, சூயெவாவுக்கும் ஷ்பில்பேண்டுக்கும் மேலே அவர்களை வைப்பேன். ஒரே போட்டியில் மோதும் இணைகளைத் தாமே முன்னின்று நடத்தும் வழக்கத்தை மட்டும் ஏற்க மாட்டேன். பள்ளியில் எத்தனை நாட்டு இணைகள் வேண்டுமானாலும் பழகட்டும். ஆனால் பதக்கத்துக்கு நிற்கும் ஒவ்வோர் இணைக்கும் தனி முதன்மைப் பயிற்றுநரும் தனி நடன அமைப்பாளரும் இருக்க வேண்டும் என்று சர்வதேசச் சறுக்குச் சங்கம் விதி வகுக்க வேண்டும். அதற்கு வேண்டிய ஆசிரியர்கள் அந்தப் பள்ளியிலேயே இருக்கிறார்கள்.